கட்டிப்பிடிக்க மெத்தென்று இருக்கும் பொம்மைகள்: பெரியவர்கள் எதைப் பார்த்து வாங்குவது?

சாம்பல்முயல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நான் பஞ்சுப் பொம்மை சேர்ப்பவள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் சேகரிப்பு அல்ல என்னுடையது. தூங்கும்போது, உடம்பு சரியில்லாதபோது, வேலை முடிந்து சோர்ந்து உட்காரும்போது நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும். அதற்காகத்தான் வாங்குகிறேன்.

என் சிக்கல் இதுதான். பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. படத்தில் எல்லாமே புசுபுசுவென்று இருக்கின்றன. விற்பவர்களும் எல்லாவற்றையும் "மிக மென்மையானது" என்றே எழுதுகிறார்கள். ஆனால் கைக்கு வந்த பிறகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்.

என்னிடம் இருக்கும் இரண்டு முயல்களைச் சொல்கிறேன். உயரம் ஒன்று, துணியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் முயலின் வயிற்றில் பஞ்சு திமிறிக்கொண்டு நிற்கிறது. அணைத்தால் உடம்பு வளைந்து கொடுக்காது, கைகள் இரண்டு பக்கமும் விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும், மூக்கு வந்து தாடையில் முட்டும். இரண்டாவது முயலுக்குக் கழுத்தில் பஞ்சு குறைவு, அடிப்பக்கத்தில் மட்டும் எடைக்காகச் சின்ன பிளாஸ்டிக் மணிகள். தோளில் சாய்த்தால் தலை தானாகக் கழுத்துக் குழியில் வந்து விழும், கைகள் முதுகுப் பக்கம் தொங்கும். கண்ணை மூடிக்கொண்டால் அது நம்மைப் பிடித்திருப்பது போலவே இருக்கும். தடவிப் பார்த்தால் இரண்டும் ஒரே மென்மைதான். அணைத்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

இந்த இரண்டாவது வகையை வாங்குவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது? எதைக் கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசிநூல் எழுதியது:

வணக்கம் சாம்பல்முயல். நான் பழைய பொம்மைகளைப் பழுது பார்ப்பவள். கிழிந்தது, பஞ்சு சரிந்தது, கண் விழுந்தது எல்லாம் கைக்கு வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று தினமும் பார்ப்பதால் சொல்கிறேன், உங்கள் இரண்டு முயல்களுக்கும் உள்ள வித்தியாசம் துணியில் இல்லை. எவ்வளவு அடைத்தார்கள், எங்கே அடைத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது வரும் பொம்மைகளில் அனேகமாக பாலியஸ்டர் பஞ்சுதான். அதிலும் மலிவு ரகம் உண்டு, நல்ல ரகம் உண்டு. நல்ல ரகத்தில் இழையின் நடுவே வெற்றிடம் இருக்கும், சுருள் சுருளாக இருக்கும், மேலே சிலிக்கோன் பூச்சு பூசியிருப்பார்கள். அதனால் இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போகும். அமுக்கினால் அமுங்கும், விட்டால் எழும்பும். மலிவு ரகம் கொஞ்ச நாளில் உருண்டை உருண்டையாகக் கட்டிவிடும். பிரித்தால் வெட்டுத்துணித் துண்டுகள் கூட வரும்.

ஆனால் எவ்வளவு நல்ல பஞ்சானாலும் திணித்து அடைத்தால் கல்தான். 1898-இல் அமெரிக்காவில் தொடங்கிய கண்ட் பொம்மை நிறுவனம் 1970-களில் வேண்டுமென்றே பஞ்சைக் குறைத்து அடைக்க ஆரம்பித்தது. பெரியவர்கள் கையில் எடுத்தாலும் விட மனசு வராத தளதளப்பு அப்படித்தான் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் வந்த அவர்களின் ஸ்னஃபில்ஸ் கரடியைப் பிறைநிலா போல வளைத்துத் தைத்திருப்பார்கள். அணைத்தால் முகம் நிமிர்ந்து நம்மையே பார்க்கும். அதை வரைந்தவருக்கு அணைப்பு என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது.

அப்புறம் மணிகள். அடிப்பக்கத்திலும் பாதத்திலும் பிளாஸ்டிக் மணி போட்டால் எடை கீழே இறங்கும், மடியில் ஒழுங்காக உட்காரும். லண்டனில் 1999-இல் தொடங்கிய ஜெல்லிகேட் பொம்மை நிறுவனத்தின் பாஷ்ஃபுல் முயல் இதற்கு நல்ல உதாரணம். மேலே லேசான பஞ்சு, அடியில் மணி. நீங்கள் சொன்ன இரண்டாவது முயலும் இந்த வழிதான்.

வாங்கும் முன் விற்பவரிடம் "மென்மையா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: இடுப்பில் இரண்டாக மடித்தால் மடியுமா? ஒரு கையில் வயிற்றைப் பிடித்துத் தூக்கினால் தலை சாய்கிறதா, விறைத்து நிற்கிறதா? எடை எத்தனை கிராம்? மணி இல்லாத இரண்டு பொம்மைகள் ஒரே உயரம் என்றால் எடை குறைந்ததில்தான் பஞ்சு குறைவு. சாயாமல் நேராக உட்கார்ந்திருக்கும் படம் மட்டும் இருந்தால் மடியில் சாய்த்து ஒரு படம் கேளுங்கள். அதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

மொஹேர்கரடி எழுதியது:

ஊசிநூல் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் பழைய கரடிகள் சேர்ப்பவன். "பழங்கால டெடி பியர் என்றால் அணைக்க நன்றாக இருக்கும்" என்று நினைத்துப் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். வாங்கும் முன் அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வது நல்லது.

ஜெர்மனியில் கீங்கன் ஊரில் மார்கரெட்டே ஷ்டைஃப் 1880-இல் கம்பளித் துணியில் ஒரு சின்ன யானை தைத்தார். குண்டூசி குத்தி வைப்பதற்காகத் தைத்தது. குழந்தைகள் அதை விளையாட எடுத்துக்கொண்டார்கள், அதிலிருந்துதான் அந்த நிறுவனமே வளர்ந்தது. அவர் தம்பி மகன்தான் ரிச்சர்ட் ஷ்டைஃப். ரிச்சர்ட் 1902-இல் கை கால் அசையும் கரடியை வடிவமைத்தார். 55 பிபி என்று பெயர். 55 என்பது சென்டிமீட்டரில் உயரம். அதே 1902-இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பியில் கட்டி வைத்திருந்த கரடியைச் சுட மறுத்தார். கிளிஃபோர்ட் பெரிமேன் அதைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். அதைப் பார்த்து புரூக்ளினில் மோரிஸ் மிச்டம் தம்பதி ஒரு கரடி தைத்து "டெடி" என்று பெயர் வைத்தார்கள். இரண்டு நாட்டில், ஒன்றுக்கொன்று தெரியாமல், ஒரே சமயத்தில் பிறந்த பொம்மை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

ஆனால் அந்தக் காலத்துக் கரடிக்குள் மரச்சுருள் அடைத்திருப்பார்கள், மெல்லிய மரச்சீவல். அணைத்தால் மொறமொறவென்று சத்தம் கேட்கும், உடம்பு பலகை போல இருக்கும். கழுத்திலும் தோளிலும் அட்டை வட்டும் ஆணியும் வைத்த மூட்டு. சில பொம்மைகளில் இலவம் பஞ்சு வந்தது. அது உண்மையிலேயே லேசானது, இழைக்குள் முழுக்கக் காற்று. ஆனால் பாலியஸ்டர் போல எழும்பி வராது. வருஷக் கணக்கில் அமுங்கி, இழை உடைந்து தூளாகிவிடும். மேல்துணி மொஹேர் என்றால் அங்கோரா ஆட்டின் ரோமம். தடவ அழகாக இருக்கும், கன்னத்தில் வைத்தால் லேசாகக் குத்தும். துணிப்பூச்சிக்கும் அது பிடித்த தீனி.

அதனால் பழங்கால ரகம் பார்க்கவும் காப்பாற்றவும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே ஷ்டைஃபில் மென்மைக்கென்றே தைத்த தனி வரிசை உண்டு. ஷ்டைஃபின் அடையாளமான பித்தான் காதில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

இழைத்தறி எழுதியது:

துணியைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் ஜவுளித் துறைக்காரன். கொஞ்சம் சொல்கிறேன்.

ரோமத் துணி மென்மையாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இழையின் பருமன். ஒரு இழையின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதை வளைக்கத் தேவையான விசை பாதி அல்ல, பதினாறில் ஒரு பங்காகிவிடும். விட்டத்தின் நான்காம் அடுக்கில் விறைப்பு மாறுகிறது. அதனால்தான் மைக்ரோஃபைபர் துணி தொட்டதும் வழிந்து போவது போல இருக்கிறது. 9,000 மீட்டர் இழை ஒரு கிராம் எடை இருந்தால் அது ஒரு டெனியர். மைக்ரோஃபைபர் அதைவிடவும் மெல்லியது.

ரோமத்தின் நீளம் வேறு கணக்கு. குட்டை ரோமம், மிங்கி என்கிற வழவழப்பான துணி போன்றவை, வருஷக் கணக்கில் அணைத்தாலும் முகம் மாறாது. நீள ரோமம் முதல் வாரம் சொர்க்கம், பிறகு அணைக்கிற இடத்தில் சிக்கு விழ ஆரம்பிக்கும். தினமும் கட்டிக்கொண்டு தூங்கப் போகிறீர்கள் என்றால் குட்டை அல்லது நடுத்தர ரோமமே எடுங்கள். அடித்துணியும் முக்கியம். பின்னல் துணியாக இருந்து கொஞ்சம் இழுபட்டால்தான் பஞ்சு நகர இடம் கிடைக்கும். இழுபடாத அடித்துணியில் எவ்வளவு குறைத்து அடைத்தாலும் ஒரு விறைப்பு இருக்கும்.

இன்னொன்று, விரல் நுனியால் சோதிக்காதீர்கள். மெதுவாகத் தடவுவதை இதமாக உணர்கிற ஒரு வகை நரம்பு இழை நம் தோலில் இருக்கிறது. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தடவினால்தான் அது நன்றாக விழித்துக்கொள்ளும். அந்த இழைகள் முன்கை, முகம் போல ரோமமுள்ள தோலில்தான் நிறைய, உள்ளங்கையில் மிகக் குறைவு. கடையில் கையில் எடுத்தால் முன்கையின் உட்பக்கத்தில் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். தூங்கும்போது பொம்மை படுவது அங்கேயும் கன்னத்திலும்தானே.

இரவாந்தை எழுதியது:

மன்னிக்கவும், நான் மாறுபடுகிறேன். எல்லோரும் தளதள பொம்மைதான் சிறந்தது என்பது போலப் பேசுகிறீர்கள். நான் ஒருக்களித்துப் படுப்பவள். எனக்குத் தளர்ந்த பொம்மை சரிவராது. தூக்கத்தில் நெஞ்சுக்கும் கைக்கும் நடுவே சப்பையாகிவிடும், மேல் கை தொங்கித் தோள் வலிக்கும். எனக்கு வேண்டியது கையைத் தாங்கிப் பிடிக்கிற, அமுக்கினால் மெதுவாக எழும்புகிற உருண்டை. 2017-இல் வந்த ஸ்குவிஷ்மெல்லோ வகை அப்படித்தான். கை கால் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, முழுக்க உடம்பு. ஐக்கியாவின் ஒரு மீட்டர் நீளச் சுறா புலோஹாயைப் பெரியவர்கள் இத்தனை பேர் கட்டிக்கொண்டு தூங்குவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நீளமாக இருப்பதால் கையும் தாங்கும், முழங்காலுக்கு நடுவிலும் வரும்.

உட்கார்ந்து அணைக்கவா, படுத்து அணைக்கவா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே பொம்மை தேடினால் கிடைக்காது.

ஊசிநூல் எழுதியது:

இரவாந்தை சொல்வது சரி. நான் உட்கார்ந்து அணைப்பதை வைத்தே பேசிவிட்டேன். படுக்கைக்கு நடுத்தர அடைப்பு, உடம்பு நீளம், கண்ணும் மூக்கும் நூலால் தைத்தது. இந்த மூன்றும் பாருங்கள். கெட்டி பிளாஸ்டிக் கண் ராத்திரி முகத்தில் அழுந்தினால் நிச்சயம் விழிப்பு வரும்.

சாம்பல்முயல் எழுதியது:

அருமை, நான் இப்படிப் பிரித்து யோசிக்கவே இல்லை. எனக்கு முக்கியம் உட்கார்ந்து அணைப்பதுதான். இன்னொரு கேள்வி: அந்த விறைப்பான முதல் முயலை என்ன செய்வது? முகம் அவ்வளவு பிடித்திருக்கிறது. தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை. பஞ்சைக் குறைக்க முடியுமா?

ஊசிநூல் எழுதியது:

தாராளமாக முடியும். பொறுமை இருந்தால் நீங்களே செய்யலாம்.

முயலைக் குப்புறப் போட்டு முதுகுத் தையலைத் தடவுங்கள். தொழிற்சாலையில் கடைசியாகக் கையால் மூடிய இடம் ஒன்று இருக்கும். அங்கே மட்டும் தையல் கொஞ்சம் மேடாக, தையலின் இடைவெளி ஒழுங்கில்லாமல் இருக்கும். அந்த இடத்தில் ரோமத்தை இரண்டு பக்கமும் ஒதுக்கி, தையல் பிரிக்கும் ஊசியால் நூலை மட்டும் அறுக்க வேண்டும். கத்தரிக்கோல் வேண்டாம், ரோமமும் சேர்ந்து போகும். மூன்று விரல் நுழைகிற வாய் போதும்.

பஞ்சைக் கொத்தாகப் பிடுங்காதீர்கள். சின்னச் சின்னதாக எடுங்கள். முதலில் வயிற்றின் நடுவிலிருந்து, பிறகு தோள், பிறகு கழுத்து. கழுத்துதான் உயிர்நாடி. அங்கே கொஞ்சம் எடுத்ததும் தலை சாய ஆரம்பிக்கும். அதற்கு மேல் எடுத்தால் தலை ஒரேயடியாகத் தொங்கி, முகபாவமே மாறிவிடும். முகத்துப் பஞ்சைத் தொடவே கூடாது. கன்னத்தின் வடிவம் அதில்தான் நிற்கிறது. ஒவ்வொரு முறை எடுத்ததும் வாயைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை அணைத்துப் பாருங்கள். "இதுதான்" என்று உங்களுக்கே தெரியும்.

எடை வேண்டுமென்றால் மணிகளைத் தனியாக ஒரு துணிப்பையில் போட்டு, பையை இரட்டைத் தையலாக மூடி, அடியில் வையுங்கள். சும்மா கொட்டினால் தையலின் இடுக்கு வழியாக ஒன்றொன்றாக வெளியே வரும். கண்ணாடி மணி சின்னதாகவே எடை தரும், சத்தமும் குறைவு. பெரியவர்களுக்கென்று விற்கிற எடைப் பொம்மைகளில் இதுதான் இருக்கும், பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டரை கிலோ வரை. மடியில் வைக்க அது சுகம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் படுக்கையில் போட்டு வைக்காதீர்கள்.

மூடுவதற்கு ஏணித் தையல். ஒரு பக்க மடிப்புக்குள் ஒரு குத்து, எதிர்ப் பக்க மடிப்புக்குள் ஒரு குத்து. நாலைந்து குத்துக்கு ஒருமுறை நூலை இழுத்தால் இரண்டு விளிம்பும் தானாகச் சேர்ந்து நூல் உள்ளே மறைந்துவிடும். கடைசியில் தையலுக்குள் சிக்கிய ரோமத்தை ஊசி முனையால் வெளியே இழுத்துவிட்டால் பிரித்த இடமே தெரியாது. எடுத்த பஞ்சை ஒரு பையில் போட்டு முயலின் பெயர் எழுதி வையுங்கள். பிறகு தேவைப்படலாம்.

வெண்பனி எழுதியது:

நான் இங்கே புதிது. எனக்குத் தூசி ஒவ்வாமை இருக்கிறது. மூக்கு அடைத்துக்கொள்ளும். அதனாலேயே பொம்மைகளை விட்டு விலகி இருக்கிறேன். எனக்கும் ஒன்று வேண்டும் என்று ரொம்ப ஆசை. வழி இருக்கிறதா?

இழைத்தறி எழுதியது:

இருக்கிறது வெண்பனி. ஆசையை விட வேண்டாம்.

தூசியில் வாழ்ந்து இந்த ஒவ்வாமையைக் கிளப்பும் மிகச் சிறிய தூசிப் பூச்சி 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால் சாகும். ஆனால் பாலியஸ்டர் இழை 70 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பித்துவிடும். அந்தச் சூட்டில் உலர்த்தி இயந்திரத்தில் புரண்டால் ரோமம் வளைந்தபடியே ஆறி இறுகிவிடும். அந்தச் சொரசொரப்பு பிறகு எதைப் போட்டாலும் போகாது. எனவே உறைகுளிர்ப் பெட்டிதான் நல்ல வழி. பொம்மையை ஒரு பையில் போட்டுக் காற்றை எடுத்துக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் குறைந்தது ஒரு நாள் முழுக்க வையுங்கள். பெரிய பொம்மை என்றால் நடுப்பகுதி வரை குளிர் இறங்க இன்னும் அதிக நேரம் பிடிக்கும். பூச்சி செத்துவிடும். ஆனால் ஒவ்வாமை தருவது அதன் கழிவும் உடம்புத் துகளும். அவை அப்படியே இருக்கும். அதனால் வெளியே எடுத்த பிறகு 30 டிகிரி நீரில் மென்மையான சோப்புத் திரவம் போட்டு ஒரு முறை அலச வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். மூச்சுத்திணறல் வரை போகிறது என்றால் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் தேர்வு: குட்டை ரோமம், முழுக்க பாலியஸ்டர், நடுத்தர அளவு, இயந்திரத்தில் துவைக்கலாம் என்று துணிச்சீட்டில் போட்டது. ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டு அதை ஒழுங்காகச் சுத்தம் செய்யுங்கள்.

ஊசிநூல் எழுதியது:

துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் போடாதீர்கள் வெண்பனி. ரோமத்தில் படலமாகப் படிந்து பிசுபிசுத்து, தூசியைத்தான் இன்னும் பிடிக்கும். தலையணை உறைக்குள் போட்டுக் கட்டித் துவைத்து, துண்டில் வைத்து அமுக்கித் தண்ணீரை எடுத்து, நிழலில் காற்றோட்டமாகக் காய வையுங்கள். பாதி ஈரத்தில் ஒருமுறை, காய்ந்த பிறகு ஒருமுறை மெல்லிய கம்பிப் பல் வைத்த சீப்பால் ரோமம் படியும் திசையிலேயே வாரிவிடுங்கள். நடுவில் ஈரம் நின்றால் நாற்றம் வரும். பஞ்சை விரலால் அமுக்கிச் சில்லென்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

நீலத்திமிங்கலம் எழுதியது:

ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த உரையாடலைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. "இந்த வயசில் பொம்மையா?" என்று கேட்கப்படுகிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். ஹாரி ஹார்லோ 1958-இல் எழுதிய ஆய்வில், குரங்குக் குட்டிகளுக்குக் கம்பியில் செய்த ஒரு தாயும் துணி போர்த்திய ஒரு தாயும் வைத்தார். பால் கம்பித் தாயிடம் இருந்தபோதும் குட்டிகள் குடித்து முடித்ததும் துணித் தாயிடமே ஓடிப் போய் ஒட்டிக்கொண்டன. குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துச் செய்த அந்த ஆய்வை நினைத்தால் மனசு கனக்கிறது. ஆனால் மென்மையான ஒன்றைப் பற்றிக்கொள்வது பசியைப் போலவே ஒரு தேவை என்று அது காட்டிவிட்டது. நாம் பெரியவர்களான பிறகு அந்தத் தேவை எங்கே போய்விடும்? என் அப்பா காலமான பிறகு வந்த மாதங்களில் என்னைத் தூங்க வைத்தது ஒரு திமிங்கலம்தான். அதை யாரிடமும் மறைக்க நான் தயாராக இல்லை.

மொஹேர்கரடி எழுதியது:

நன்றி திமிங்கலம். மறைக்கவும் வேண்டாம்.

சாம்பல்முயல், கடைசியாகப் போலி பற்றி. புகழ்பெற்ற பெயர்களுக்கெல்லாம் போலி உலவுகிறது. நாம் தேடுவது அந்தக் குறிப்பிட்ட தளதளப்பு என்பதால் போலி வாங்கினால் நஷ்டம் இரட்டிப்பு. பின்பக்கத் துணிச்சீட்டின் இரு பக்கமும் தெளிவாகப் படம் கேளுங்கள். எழுத்துப்பிழை, மங்கிய அச்சு, கோணலாகத் தைத்த சீட்டு இருந்தால் விட்டுவிடுங்கள். மூக்குத் தையலை அதே வடிவத்தின் அசல் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போலி பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அங்கேதான். தயாரிப்பு நின்றுபோன வடிவம் வேண்டுமென்றால் பழையதாக வாங்கத் தயங்காதீர்கள். வருஷக் கணக்கில் ஒருவர் அணைத்த பொம்மையில் பஞ்சு ஏற்கெனவே பதமாகியிருக்கும். நீங்கள் தேடுகிற கழுத்துச் சாய்வு அதில் தானாகவே வந்திருக்கும்.

சாம்பல்முயல் எழுதியது:

அண்ணா, அந்தக் கடைசிக் குறிப்பு பெரிய உதவி. எல்லோருக்கும் நன்றி.

முதுகில் கையால் மூடிய தையலைக் கண்டுபிடித்துவிட்டேன், அக்கா சொன்னபடி வால் பக்கத்தில் மேடாக இருக்கிறது. இந்த வாரக் கடைசியில் பிரிக்கிறேன். அடுத்து ஒரு யானை தேடுகிறேன்: நடுத்தர ரோமம், இடுப்பில் மடிய வேண்டும், பாதத்தில் மணி, தைத்த கண், தும்பிக்கை தோளில் விழுகிற நீளம். யாரிடமாவது அப்படி ஒன்று இருந்தால் மடியில் சாய்த்து ஒரு படம் போடுங்கள், எடையையும் சேர்த்து எழுதுங்கள்.